டைட்டர்: ஒரு ரத்தச் சீட்டின் முன்கதை

மோகனூர்ப் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கும் என் சித்தப்பா மகளின் வீட்டுக்காரர் ஒருநாள் காலையில் வந்து, சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த சீட்டொன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். 'இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க மச்சான்.' தங்கைக்கு இரண்டாம் முறையும் கரு கலைந்திருந்தது. 'டார்ச்' என்ற சோதனைத் தொகுப்பை எடுத்துவரச் சொல்லியிருந்தார்கள். அதில் ஒரு வரி: ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் ஐ.ஜி.எம். 1.2. பக்கத்தில் தடித்த எழுத்தில் 'பாசிட்டிவ்'. அடியில் பொடி எழுத்தில், 1.1க்கு மேல் பாசிட்டிவ், 0.9க்குக் கீழ் நெகட்டிவ், இடைப்பட்டது ஐயத்திற்குரியது என்றிருந்தது. அந்தப் பொடி எழுத்தை யாரும் படிக்கவில்லை. ஹெர்பிஸ் 'அந்த மாதிரி' நோய் என்று எவரோ சொல்ல, மறுநாள் தங்கை அம்மா வீட்டில்.

ஐயத்திற்கும் குற்றத்திற்கும் இடையில் ஒரு தசம இலக்கம்தான் இருந்தது. அந்தக் கோட்டை யார் போட்டார்கள் என்ற கேள்வி என்னைப் பழைய கதைகளுக்குள் இழுத்துக்கொண்டு போனது.

நம் பக்கத்தில் கொப்புளத்தைப் படிக்க வேறொரு வழி இருந்தது. அக்கி வந்தால் குயவர் வீட்டுக்குப் போவார்கள். செங்காவியைக் குழைத்துத் தோலின்மேல் உருவம் எழுதிவிடுவார். (அக்கியில் பெரும்பகுதி ஹெர்பிஸ் குடும்பத்தின் இன்னொரு வைரஸால் வருவது என்பது இன்றைய மருத்துவம்.) அது குணமாக்கியதா என்பது வேறு பேச்சு. ஆனால் அங்கே குறி தோலில் இருந்தது, எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது, ஆறியதும் அழிந்தது. யாரிடமிருந்து வந்தது என்று குயவர் கேட்டதில்லை. ரத்தத்தில் குறியைத் தேடத் தொடங்கிய பிறகுதான், உடம்பில் ஒன்றுமே தெரியாத ஒருத்தியும் நோயாளியாக முடிந்தது.

இந்தத் தேடலின் பெரிய தொடக்கம் 1906இல், பெர்லினில். வாசர்மனும் கூட்டாளிகளும் மேகப்புண்ணுக்கு ரத்தச் சோதனை கண்டார்கள். அந்நோய் தாக்கிய சிசுவின் ஈரல் சாற்றைக்கொண்டு அந்நோய்க்கே உரிய எதிர்ப்பொருளைப் பிடிப்பதாக அவர்கள் நம்பினார்கள். பிறகு பார்த்தால் சாதாரண மாட்டு இதயத்தின் சாறும் அதே வேலையைச் செய்தது! கோட்பாடு பொய்த்தது, சோதனை நின்றது. அதன் வாரிசுதான் நம் ஆஸ்பத்திரிகளின் வி.டி.ஆர்.எல். தொழுநோய், மலேரியா, சிலசமயம் வெறும் கர்ப்பமே அதில் பொய்யாகப் பாசிட்டிவ் காட்டும். லுட்விக் ஃப்ளெக் என்ற போலந்து யூத மருத்துவர் 1935இல் எழுதிய நூல் இந்தச் சோதனையைத்தான் எடுத்து ஆராய்கிறது. கெட்ட ரத்தம் என்ற பழைய நம்பிக்கையே ஆய்வாளர்களை ரத்தத்திற்குள் விடாமல் தேடவைத்தது. கோடு எங்கே விழவேண்டும் என்பதைக் கைப்பழக்கமும் கூட்டு ஒப்புதலும் சேர்ந்து தீர்மானித்தன என்கிறார். ஃபூக்கோவைக் கரைத்துக் குடித்த நம் ஆட்கள் ஃப்ளெக்கை அதிகம் சீண்டுவதில்லை. எனக்கு அவர்தான் கிட்டத்து ஆள்.

ரத்தத்தோடு ஒழுக்கமும் சேர்ந்தே சோதிக்கப்பட்டது. 1868ஆம் ஆண்டின் தொற்றுநோய்ச் சட்டம் பெண்களைப் பதிவுசெய்து பரிசோதித்தது. அவர்களிடம் போன சிப்பாய்களை அல்ல. 1986இல் சென்னையில் சுனிதி சாலமனும் நிர்மலாவும் எச்.ஐ.வி.யைத் தேடியபோதும் ரத்தம் கொடுத்தவர்கள் பாலியல் தொழில் செய்த பெண்கள். ஆனால் அங்கே ஒரு நிதானம் இருந்தது. வேலூரில் ஆறு மாதிரிகள் பாசிட்டிவ் காட்டியதும் மறுபடி ரத்தம் எடுத்து, அமெரிக்காவுக்கு அனுப்பி வேறொரு முறையில் உறுதிசெய்த பிறகே முடிவு சொன்னார்கள். அறிகுறி இல்லாதவரை எச்.ஐ.வி. உள்ளவர் என்று சொல்ல மூன்று வெவ்வேறு சோதனைகள் ஒத்துப்போக வேண்டும் என்பது பின்னால் அரசு விதியும் ஆயிற்று. சேலத்திலிருந்து 1997இல் பிரிந்த நாமக்கல்லின் பெயர் அந்த ஆண்டுகளில் லாரித் தொழிலோடு சேர்த்து எய்ட்ஸ் பேச்சில் திரும்பத் திரும்ப வந்தது. அந்த அவப்பெயரைச் சுமந்த ஊர்தான் இது. இங்கே ஒரு சீட்டை யாரும் வெறும் சீட்டாக வாசிப்பதில்லை.

ஹெர்பிஸுக்கு அந்த மூன்று சோதனை விதி இல்லை. தனியார் லேபில் ஒரே சோதனை, ஒரே எண். 'டார்ச்' என்ற பெயர் 1971இல் நாமியாஸ் என்ற அமெரிக்க மருத்துவர் பிறந்த குழந்தைகளின் தொற்றுக்காகக் கட்டிய சுருக்கம். கரு கலைந்த பெண்களுக்கு இதைப் பார்ப்பதால் பயனில்லை, விட்டுவிடலாம் என்று லண்டனின் மகப்பேறு மருத்துவர் ராயல் கல்லூரி 2011இலேயே சொல்லிவிட்டது. ஐ.ஜி.எம். இன்னும் மோசம். சின்ன வயதில் உதட்டில் வரும் முதல் வகையையும் பெரும்பாலும் பாலுறவால் வரும் இரண்டாம் வகையையும் அதனால் நம்பிக்கையாகப் பிரிக்க முடியாது. புதுத் தொற்றா பழையதா என்றும் சொல்லாது. அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையத்தின் 2021 வழிகாட்டல் அதை வேண்டாமென்றே சொல்கிறது. வகை பிரிக்கும் ஐ.ஜி.ஜி. சோதனையிலும் 3.0க்குக் கீழான எண்ணை வேறு முறையில் உறுதிசெய்யச் சொல்கிறது. கணக்காகப் பார்ப்போம். 10,000 பேரில் 1,500 பேருக்கு இரண்டாம் வகை இருப்பதாக வைத்து 2016இல் அங்கே ஒரு நிபுணர் குழு கணக்கிட்டது: மெய்யான பாசிட்டிவ் சுமார் 1,485, பொய்யானது சுமார் 1,445. காசைச் சுண்டிப் பார்ப்பதும் இதுவும் ஏறக்குறைய ஒன்று.

இதையெல்லாம் மாப்பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? கோழியை வைத்துத்தான் சொன்னேன். ராணிக்கெட் தடுப்பூசி போட்டுச் சில வாரம் கழித்து ஷெட்டில் கொஞ்சம் கோழிகளின் ரத்தம் எடுத்து 'டைட்டர்' பார்க்கக் கொடுக்கிறவர் அவர்.

'ஒரு கோழிக்கு மட்டும் ஏறுமாறா வந்தா என்ன பண்ணுவீங்க?'

'ஒத்தைக் கோழிய வச்சு என்னங்க சொல்றது? லேப்காரன் தப்பா இருக்கும், இல்லாட்டி மறுக்கா எடுக்கோணும்.'

'ஷெட்டுல டைட்டர் இருந்தா நோவு இருக்குதுன்னு அர்த்தமா?'

'ஊசி போட்டாலும் வரும், முந்தி வந்து போயிருந்தாலும் வரும்.' சொல்லிவிட்டுச் சீட்டைப் பார்த்தார். எதிர்ப்பொருள் என்பது உடம்பின் ஞாபகம், வாக்குமூலம் அல்ல என்று எனக்குத் தெரிந்த எந்தப் புத்தகத்தையும்விட அவர் நன்றாகவே சொல்லிவிட்டார்.

'உங்க ரத்தம் எடுத்தாங்களா?' என்றேன்.

'என்னைய யாரும் கேக்கலைங்களே.'

மூன்று மாதம் கழித்து இருவருக்கும் வேறொரு லேபில் ஐ.ஜி.ஜி. பார்த்தார்கள். இருவருக்குமே இரண்டாம் வகை இல்லை. முதல் வகை இருவருக்கும் இருந்தது. உலகில் ஐம்பது வயதுக்குட்பட்டவர்களில் பாதிக்கு மேல் அதைச் சுமக்கிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. மாப்பிள்ளை அந்தச் சீட்டோடு தங்கையைக் கூப்பிடப் போனார். 'இந்தச் சீட்டு வேற மாதிரி வந்திருந்தா?' என்று கேட்டாளாம். அவரிடம் பதிலில்லை. தங்கை இன்னும் மோகனூர் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவர் ஒரு தட்டு முட்டையோடு சித்தி வீட்டுக்கு வந்து, திண்ணையில் உட்கார்ந்துவிட்டுப் போகிறார்.