ஒயின் இல்லாத ஒயின்ஷாப்

1996-இல் என் சித்தி மகளுக்கு ஓசூரில் தலைப்பிரசவம். பத்தாம் நாளோ பன்னிரண்டாம் நாளோ, பெரியப்பா பெங்களூரிலிருந்து கன்னடச் செய்தித்தாளில் சுற்றிய பாட்டில் ஒன்றைக் கொண்டுவந்தார். அதைக் கூடத்தில் பிரிக்கவில்லை. நேரே சமையலறைக்குக் கொண்டுபோய்ப் பெரியம்மாவிடம் கொடுத்தார். "ஒயின். ஊறவெச்ச திராட்சைதான். ராத்திரி ஒரு டம்ளர் குடுங்க, ரத்தம் ஊறும். குழந்தையும் கலரா வரும்."

அக்கா ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். இனிக்கும் என்று சொல்லியிருந்தார்கள். காடி மாதிரி புளித்தது, நாக்கை இழுத்தது. "ஏமாத்திட்டான் போல" என்றார் பெரியப்பா, கடைக்காரனைத்தான். நல்லதாக வேறொன்று வாங்கிவருவதாகவும் சொன்னார். புளித்ததற்குக் காரணம் தேடிய அந்தக் கூடத்தில், பாலூட்டுகிறவளுக்கு இது எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. அவள் குடிக்கும் மது பாலிலும் கலக்கும் என்பது மருத்துவம் அன்றே அறிந்த செய்தி.

ஒயின் கடையில் ஏமாந்த வாடிக்கையாளர் என்று நான் பார்த்த முதல் ஆள் என் அக்கா. அவள் அந்தக் கடையைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

நம் ஊரில் ஒயின்ஷாப் என்றால் ஒயின் விற்கும் கடை இல்லை. பிராந்தி, ரம், விஸ்கி விற்கும் கடை. எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1981-இல் மதுவிலக்கைத் தளர்த்திச் சாராயக் கடையையும் கள்ளுக்கடையையும் திறந்தார்கள். 1983-இல் மொத்த வியாபாரத்துக்கு டாஸ்மாக் வந்தது. சில்லறை விற்பனை தனியார் கையில் இருந்தது. அவர்கள் கடைக்குச் சாமி பெயரையோ பிள்ளை பெயரையோ வைத்துப் பக்கத்தில் 'ஒயின்ஸ்' என்று சேர்த்தார்கள். சாராயக் கடை என்றால் ஓலைக் கொட்டகை, கூலிக்காரன், வாந்தி. பிராந்திக் கடை என்றாலும் கொஞ்சம் காரம். ஒயின்ஸ் என்றால் கண்ணாடி அலமாரி, சீமைச் சரக்கு, பேன்ட் போட்டவர்கள். உள்ளே ஒயின் இருந்ததா என்பதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. 2003 நவம்பரில் சில்லறை விற்பனையையும் அரசே எடுத்துக்கொண்டது. பலகையில் டாஸ்மாக் ஏறியது. ஆனால் வாயில் ஒயின்ஷாப்தான் நிற்கிறது. அந்தச் சொல் விளம்பரமாகப் பிறந்தது, சரக்கு மாறியும் சாகவில்லை.

விளம்பரம் என்றவுடன் தொலைக்காட்சியைத் தேட வேண்டாம். மது விளம்பரத்துக்கு அங்கே தடை. சோடா, இசைத் தட்டு என்று வேறு பெயரில்தான் வருவார்கள். ஒயினுக்கு அந்தச் சுற்றுவழியும் தேவைப்படவில்லை. பெரியப்பா போன்ற நல்லெண்ணக்காரர்கள் சம்பளம் இல்லாமல் அதற்கு விற்பனையாளராக இருந்தார்கள். அந்த வாய்ப்பாட்டை அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது யார் என்று பார்க்க, எல்லைக்கோட்டின் கதைக்குப் போக வேண்டும்.

ஓசூருக்குப் பக்கத்தில் தொரப்பள்ளி என்றொரு கிராமம். 1878-இல் அங்கே பிறந்த ராஜாஜி 1937-இல் சென்னை மாகாணத்தின் பிரதமரானார். அதே ஆண்டு அக்டோபர் 1 அன்று தன் சொந்த மாவட்டமான சேலத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். இன்றைய கிருஷ்ணகிரி, தர்மபுரி, ஓசூர் எல்லாம் அன்று சேலம் மாவட்டம்தான். மாகாணத்தில் முதலில் கடை மூடிய மண் இது. ஓசூரிலிருந்து சில மைல் நடந்தால் ஜூஜூவாடி, அதைத் தாண்டினால் அத்திப்பள்ளி. அங்கே மைசூர் மகாராஜாவின் ராஜ்யம், அவருடைய கலால். ஒரு சாலையில் இரண்டு சட்டம் என்பது இந்த ஊருக்கு அன்றிலிருந்தே பழக்கம்.

பாடப் புத்தகத்தில் மதுவிலக்கு என்றால் ராஜாஜி. அவருக்கு 16 ஆண்டுகள் முன்னால், 1921-இல், ஈரோட்டில் கள்ளுக்கடை மறியலுக்குப் போய் நின்றவர்கள் நாகம்மையும் கண்ணம்மாளும். மறியலை நிறுத்துவது என் கையில் இல்லை, ஈரோட்டிலுள்ள இரண்டு பெண்களின் கையில் இருக்கிறது என்று காந்தி சொன்னது அப்போதுதான். கடைக்கு எதிரான புகாரைத் தெருவுக்குக் கொண்டுவந்தவர்கள் கடையில் எதுவும் வாங்காதவர்கள் என்பதை இங்கே குறித்துக்கொள்கிறேன்.

மதுவிலக்கால் போன வருமானத்தை ஈடுகட்ட 1939-இல் சென்னை மாகாணம் பொது விற்பனை வரியைக் கொண்டுவந்தது. குடிக்கிறவனிடம் வந்த காசு போய், சாமான் வாங்குகிறவளிடமிருந்து வரத் தொடங்கியது. இன்றைக்குக் கணக்கு தலைகீழ். 2023-24-இல் டாஸ்மாக் மூலம் அரசுக்கு வந்தது 45,000 கோடி ரூபாய்க்கு மேல். அதே 2023 செப்டம்பரில் ஒரு கோடிக்கும் அதிகமான பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் உரிமைத்தொகை தொடங்கியது. அந்த ஆயிரம் நம் உரிமைதான், அதை யாரும் இலவசம் என்று ஏச வேண்டாம். ஆனால் எந்தப் பையிலிருந்து எந்தப் பைக்கு என்று ஒரு முறையாவது எண்ணிப் பார்க்கலாம்.

1948-இல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு. 1971-இல் தளர்வு, 1974-இல் மறுபடி தடை. இந்தக் காலத்தில் கடை மூடியிருந்தாலும் மருந்துக் கடை திறந்திருந்தது. பிரசவித்தவளுக்குக் கொடுக்கும் தசமூலாரிஷ்டம், ரத்தத்துக்குக் கொடுக்கும் திராட்சாரிஷ்டம் எல்லாம் தாமே புளித்துச் சாராயச் சத்து ஊறிய மருந்துகள். ஆண்கள் அவற்றையும் இஞ்சி டிங்க்சரையும் வாங்கிப் போதைக்குக் குடித்தார்கள் என்பது அந்தக் காலத்துப் பெரியவர்கள் எல்லோருக்கும் தெரியும். பெண்ணுக்குப் பரிந்துரைத்த மருந்து ஆணின் சரக்கானது.

இதற்கு இன்னொரு மரபும் உண்டு. 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இறைச்சிச் சாறும் மால்ட்டும் சேர்த்த 'வின்கார்னிஸ்' என்ற டானிக் ஒயின் வந்தது. சோர்வு, ரத்தக்குறைவு, நரம்புத் தளர்ச்சி எல்லாவற்றுக்கும் அதுதான் என்று விளம்பரம் செய்தார்கள். பேரரசின் கப்பல்கள் போன இடமெல்லாம் அதுவும் போனது. மலேயாவில் பிரசவித்த பெண்ணுக்குக் கொடுக்கும் பத்தியப் பொருள்களில் ஒன்றாகவே அது ஆனது. மருந்து என்ற சீட்டு ஒட்டினால் பெண்ணின் வாய்வரை போகலாம் என்று மது வியாபாரம் அப்போதே தெரிந்துகொண்டது. பெரியப்பா சொன்ன 'ரத்தம் ஊறும்' பாட்டி வைத்தியம் மட்டும் இல்லை, பாதி சீமை விளம்பரம்.

மீதிப் பாதி 1991-இல் வந்தது. அந்த நவம்பரில் அமெரிக்கத் தொலைக்காட்சியின் '60 மினிட்ஸ்' நிகழ்ச்சி, கொழுப்பு தின்றும் பிரெஞ்சுக்காரர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருப்பதற்குச் சிவப்பு ஒயின் காரணமாக இருக்கலாம் என்றது. அங்கே சிவப்பு ஒயின் விற்பனை எகிறியது. அதற்குச் சில ஆண்டுகள் முன்புதான் பெங்களூருக்கு வடக்கே நந்தி மலை அடிவாரத்தில் குரோவர் குடும்பம் பிரெஞ்சுத் திராட்சைக் கொடிகளை நட்டிருந்தது. மிஷேல் ரோலான் போன்ற உலகப் புகழ்பெற்ற பிரெஞ்சு நிபுணர் ஆலோசகராக வந்தார். ஒயின் என்றால் இதயத்துக்கு நல்லது என்ற பேச்சு வார இதழ்களின் மருத்துவப் பக்கத்துக்கு வந்து, அங்கிருந்து ஓசூர் பேருந்து ஏறியது. அக்காவின் நாக்கை இழுத்தது அப்படிப்பட்ட புளிப்பு ஒயினாகத்தான் இருக்க வேண்டும். இனிக்கும் ஒயின் என்று பெரியப்பா மனதில் வைத்திருந்தது வேறு: பெங்களூர் நீலத் திராட்சையில் செய்து, சர்க்கரையும் சாராயமும் சேர்த்து, 'போர்ட்' என்று போர்ச்சுக்கல் பெயரை ஒட்டி விற்கும் மலிவுச் சரக்கு. ஒன்று பீற்றிக்கொண்டது, இன்னொன்று பெயரைத் திருடியது. எதை வாங்கியிருந்தாலும் ரத்தம் ஊறியிருக்காது.

இப்போது 2007-க்கு வருகிறேன். இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அந்த ஒரு ஆண்டுக்காக.

அந்த ஆண்டு கர்நாடக அரசு இரண்டு முடிவுகளை எடுத்தது. ஜூலை 1 முதல் சாராயம் தடை. பிளாஸ்டிக் பாக்கெட்டில், கூலிக்காரர்கள் வாங்கக்கூடிய விலையில் விற்றுக்கொண்டிருந்த சாராயம் அது. குடித்துக் குடும்பம் கெடுகிறது, பெண்களின் கண்ணீரைத் துடைக்கிறோம் என்றார்கள். அதே 2007-இல் ஒயின் கொள்கையையும் அறிவித்தது: ஒயினுக்கென்று வாரியம், திராட்சை விவசாயிக்கு ஊக்கம், சுவைத்துப் பார்க்கத் தனிக் கடைகள், வரிச் சலுகை. கூலிக்காரனின் பாக்கெட் குற்றமானது. கனவான்களின் கோப்பை விவசாய வளர்ச்சியானது.

அடுத்த மே மாதம், 2008-இல், கோலார், ஆனேக்கல் பக்கமும் இங்கே கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம் குடித்து 150 பேருக்கு மேல் செத்தார்கள். மலிவுச் சாராயத்தை மூடிய இடத்தில் விஷம் வந்து உட்கார்ந்தது. எல்லைக்கு இந்தப் பக்கம் நாங்கள் 1987 முதலே சட்டப்படி விற்கும் சாராயத்தை இழந்தவர்கள். நடுவில் 1990-இல் கொஞ்ச காலம் மலிவு விலை மது வந்து, மறு ஆண்டே போனது. அதனால் அந்த விஷத்துக்கு ஜூஜூவாடி சோதனைச்சாவடி எந்தப் பக்கம் என்று பார்க்கத் தேவை இருக்கவில்லை. செத்தவர்களில் பெரும்பாலோர் அன்றாடங்காய்ச்சிகள். சாராயம் குடித்தவர்களில் கல்லுடைக்கும், செங்கல் சுமக்கும் பெண்களும் உண்டு; உடம்புவலிக்குக் குடித்தார்கள். அவர்களுடைய பாக்கெட்டை யாரும் 'லேடீஸ் டிரிங்க்' என்று சொன்னதில்லை. அந்தப் பட்டம் கோப்பைக்கு மட்டும்.

ஒயின் மது அல்ல என்ற வாதத்தை 2022 ஜனவரியில் மகாராஷ்டிரமும் கையில் எடுத்தது. பெரிய மளிகைக் கடைகளில் ஒயின் விற்க அமைச்சரவை முடிவெடுத்தது, எதிர்ப்பு வந்தது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 750 மில்லி ஒயினில் நூற்றுக்குப் பன்னிரண்டரை பங்கு சாராயச் சத்து என்றால் சுமார் 94 மில்லி. நம்மூர் 180 மில்லி குவார்ட்டர் பிராந்தியில் 42.8 பங்கு என்றால் 77 மில்லி. உடம்புக்குள் போனபிறகு திராட்சையா கரும்பா என்று கல்லீரல் விசாரிப்பதில்லை. மதுவைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகையில் 1988-இலேயே சேர்த்துவிட்டார்கள்; மார்பகப் புற்றுநோயும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. 2023 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம், பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்றே சொல்லிவிட்டது. பெண் குடிப்பது எனக்குச் சிக்கல் இல்லை. அவள் காசு, அவள் மாலை, அவள் முடிவு. ரத்தசோகையைக் காட்டி விற்பதுதான் சிக்கல். தமிழ்நாட்டில் பாதிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு ரத்தசோகை இருக்கிற நாட்டில், அது நல்ல சந்தை.

இனி இன்றைய ஒயின்ஷாப் வாடிக்கையாளரின் குறை. அது எல்லோருக்கும் மனப்பாடம்: பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்குகிறார்கள், கேட்ட பிராண்டு இல்லை, பில் இல்லை. ஓசூர்க்காரருக்கு இன்னொரு வழி உண்டு. அத்திப்பள்ளிக்குப் போனால் 'எம்.ஆர்.பி.' என்றே பலகை வைத்த கடை. அட்டைப் பாக்கெட்டில் 180 மில்லி. கொரோனா ஊரடங்கில் இங்கே கடை மூடியபோது அந்தப் பாக்கெட்டுகள் காய்கறி வண்டியில் வந்து பிடிபட்ட செய்தி வாரந்தோறும் வந்தது. பத்து ரூபாய்க் குறை சட்டமன்றம் வரை போனது. போகட்டும், நியாயமான குறைதான்.

2017-இன் குறையை மட்டும் யாரும் வாடிக்கையாளர் குறை என்று எழுதவில்லை. நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்ன வழக்கே தமிழ்நாட்டிலிருந்து போனதுதான். அந்த ஏப்ரலில் மாநிலம் முழுக்க மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் மூடப்பட்டு, புது இடம் தேடி ஊருக்குள் நகர்ந்தன. தங்கள் தெருவுக்கும் வயலோரத்துக்கும் கடை வந்ததைப் பார்த்து ஊர் ஊராகப் பெண்கள் மறியலில் உட்கார்ந்தார்கள். திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் ஒரு காவல் அதிகாரி மறியலில் நின்ற பெண்ணை அறைந்ததை நாடே பார்த்தது. கடையின் வருமானத்தில் பாதி அவர்கள் வீட்டுச் சம்பளம். அறை வாங்கியபோதும் அவர்கள் கணக்கில் போராட்டக்காரர்கள், வாடிக்கையாளர்கள் அல்ல.

2022-இல் அக்காவின் மகளுக்குப் பிரசவம். தொழிற்பேட்டையில் வேலை பார்க்கிற பெண். முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் வந்த பெட்டகத்தில் இரும்புச்சத்து டானிக் இருந்தது. ஆனாலும் மாப்பிள்ளை எல்லை தாண்டிப் போய்ப் பாட்டிலோடு வந்தார், இந்த முறை அழகான அட்டைப் பெட்டியில். அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பின்பக்கத்தைத் திருப்பிப் படித்தாள். 2019 முதல் மது பாட்டில்களில் கட்டாயமாகப் போட வேண்டிய எச்சரிக்கை அங்கே இருந்தது: குடிப்பது உடல்நலத்துக்குத் தீங்கு.

"ரத்தம் ஊறும்னு எங்க போட்டிருக்கு மாப்ள? நீங்களே கொஞ்சம் காட்டுங்க."

அன்றிரவு அதை மாப்பிள்ளையும் அவருடைய சித்தப்பாவும் மொட்டைமாடியில் காலி செய்தார்கள். புளிப்பாக இருந்ததாம்.