சூலியாத் தெருவின் சுவடுகள்

பண்டைய அரபுக் கவிஞர்கள், அன்பிற்குரியோர் பெயர்ந்து சென்ற குடியிருப்பின் முன் நின்று கண்ணீர் சிந்தியே தம் கஸீதாக்களைத் தொடங்குவர். எஞ்சிய சுவடுகளை ‘அத்லால்’ என்றனர். மத்ரஸாவில் ஓதிய நாளில் இதனை வெறும் கவிமரபென்றே எண்ணினோம். ஏறத்தாழ முப்பதாண்டுகளுக்கு முன் நாம் குடியிருந்த பினாங்கின் சூலியாத் தெருவை அண்மையில் மீண்டும் கண்டபோதுதான் அதன் பொருள் விளங்கிற்று.

1786-இல் பிரான்சிஸ் லைட் அத்தீவில் ஆங்கிலக் கொடியை ஏற்றிய காலந்தொட்டே, சோழமண்டலக் கரையிலிருந்து நம்மவர் வணிகராகவும் உழைப்பாளராகவும் அங்குக் குடியேறினர். ‘சூலியர்’ என அவர்கள் அழைக்கப்பெற்றனர். தெருவும் அப்பெயரே பெற்றது. 1801-இல் அவர்தம் தலைவர் காதர் முஹ்யித்தீன் அவர்களைக் கும்பெனியார் கப்பித்தானாக நியமித்து, பள்ளிவாசலுக்கென 18 ஏக்கர் நிலம் வழங்கினர். அதுவே கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். அதே சாலையில் சீனர் கோயிலும் 1818-இல் எழுந்த கிறித்தவ ஆலயமும் உள்ளன. பக்கத்துத் தெருவில் 1833-இல் அமைந்த மாரியம்மன் கோயில் உள்ளது.

நாம் வாழ்ந்த நாளில் கீழே கடை, மேலே வீடு. ஸுப்ஹு பாங்கு கேட்டதும் மரப்படிகள் அதிரும். மாலையில் சிறுவர் குர்ஆனை நெஞ்சோடணைத்து ஓதப் போவர். எளியோர் நகர் நடுவே வாழ முடிந்ததற்குக் காரணம் 1966-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். 1948-க்கு முன் கட்டப்பெற்ற வீடுகளுக்கு அது காவலாய் நின்றது. 2000 ஜனவரி முதல் நாள் அக்காவல் நீங்கிற்று. வாடகை ஏறியது, குடும்பங்கள் புறநகர்களுக்குப் பெயர்ந்தன. 2008-இல் யுனெஸ்கோ ஜார்ஜ் டவுனை உலக மரபுரிமை நகராக அறிவித்தது. சுவர்கள் புதுவண்ணம் பெற்றன. நாம் உறங்கிய மாடி இன்று பயணியர் விடுதி. சுவர் காக்கப்பட்டது, அதனுள் வாழ்ந்தவரைக் காப்பாரில்லை.

பழைய அண்டைவீட்டார் ஜும்ஆவுக்கு இன்றும் தொலைவிலிருந்து வருகின்றனர். அவர்களோடு ஸலாம் பகர்ந்தபோது பனூ ஸலிமா கூட்டத்தார் நினைவுக்கு வந்தனர். அவர்கள் பள்ளிக்கு அருகே குடிபெயர விரும்பினர். மதீனாவின் ஓரங்கள் ஆளற்றுப் போவதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விரும்பவில்லை. இருந்த இடத்திலேயே இருக்கச் சொல்லி, பள்ளிக்கு நடக்கும் அடிச்சுவடுகள் நன்மையாக எழுதப்படும் எனத் தேற்றினார்கள்.

தொலைவிலிருந்து வருவோர்க்கு இது ஆறுதல். ஊரின் ஒரு பகுதி குடிகளற்றுப் போவது நாயகத்தின் உள்ளத்தையே உறுத்தியதென்பதோ நமக்கு எச்சரிக்கை. பள்ளியைச் சூழ்ந்த வீடுகளைத் தம் பொறுப்பில் வைத்திருப்போர், வக்பு நிர்வாகிகளாயினும் தனியாராயினும், அவற்றுள் சிலவற்றையேனும் குடும்பங்களுக்குத் தாங்கத்தக்க வாடகையில் விடுவார்களாக. மினாராவைக் காண விருந்தினர் வரட்டும். பாங்கொலி கேட்டு மாடிப்படி இறங்குவோரும் அங்கே இருக்கட்டும்.