கிராம உத்யோக் பத்ரிகா: காக்க வேண்டிய கணக்கு

நாக்பூரில் மளிகைக் கடை வைத்திருந்த காலத்தில், பழைய பத்திரிகைகளை எடைக்கு வாங்கிக் கிழித்துப் பொட்டலம் மடித்தவன் நான். ஆண்டுதோறும் சுருத பஞ்சமியன்று வீட்டுச் சுவடிகளைத் தூசி தட்டி, புதுத் துணியில் கட்டி வணங்குவோம். மறுநாள் காலையிலேயே கடையில் தாளைக் கிழிப்பேன். அதுவும் ஏடுதானே என்று அப்போது தோன்றவில்லை.

தோன்ற வைத்தது பக்கத்து ஊரான வார்தா. அங்கே மகன்வாடி என்ற இடம், ஜம்னாலால் பஜாஜ் என்ற வணிகர் காந்தியடிகளுக்குக் கொடுத்தது. 1934 டிசம்பரில் பிறந்த அகில இந்திய கிராமத் தொழிற் சங்கத்துக்கு அதுவே இருப்பிடம் ஆயிற்று. சங்கத்தின் செயலாளர் ஜே.சி. குமரப்பா, 1892இல் தஞ்சாவூரில் பிறந்த நம்மவர். லண்டனில் கணக்குத் தணிக்கை பயின்றவர். அவர் நடத்திய மாத இதழே 'கிராம உத்யோக் பத்ரிகா'.

செக்கு, கைக்குத்தல் அரிசி, பனைவெல்லம், கைக்காகிதம், தேனீ வளர்ப்பு, இவைதாம் சங்கம் எடுத்துக்கொண்ட தொழில்கள். குமரப்பா அவற்றின் பெருமை பாடுவதோடு நிற்கவில்லை; பேரேடு பார்ப்பதுபோலப் பார்த்தார். செக்கு நின்றால் செக்காடியின் கூலி மட்டுமா போகிறது? ஊர் மாட்டுக்குப் பிண்ணாக்கும் போகிறது. இப்படி வரவு செலவு போட்டவர் அவர்.

1942இல் இதே இதழில் ஒரு கட்டுரை எழுதினார். ரொட்டி கேட்டவனுக்குக் கல்லைக் கொடுத்த கதை என்பது அதன் தலைப்பின் பொருள். போருக்காக நாட்டுச் சரக்கையெல்லாம் வாங்கிக்கொண்டு, ஈடாக நோட்டை அச்சடித்துத் தள்ளுகிறார்களே என்று கேட்டார். மறு ஆண்டே வங்கத்தில் பஞ்சம். செக்கையும் உரலையும் பற்றிப் பேசிய இதழ்தான் அந்த எச்சரிக்கையையும் தாங்கி வந்தது.

குமரப்பாவின் நூல்கள் மறுபதிப்பாகின்றன, மகிழ்ச்சி. ஆனால் நூல் என்பது பொறுக்கி எடுத்த மணி; மாத இதழோ அறுவடையான களம். எந்த மாதம் எந்தக் கவலை வந்தது, எது பலிக்கவில்லை என்பதெல்லாம் இதழில்தான் தெரியும். அட்டையையும் விளம்பரத்தையும் நீக்கிவிட்டு பைண்டு செய்வது பழைய வழக்கம். அதோடு விலையும் முகவரியும் போய்விடும். வணிகனுக்கு அதுதான் முக்கியச் சரித்திரம்!

தனி ஒருவரால் என்ன ஆகும் என்று கேட்க வேண்டாம். கோட்டையூர் ரோஜா முத்தையா தனி ஆளாகச் சேர்த்தவைதான் 1994இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயின.

நம் வீட்டுப் பரண்களிலும் ஊரிலிருந்து கொண்டுவந்த கட்டுகள் இருக்கும். அன்பர்கள் அவற்றை எடைக்குப் போடுமுன் பிரித்துப் பாருங்கள். உழவு, நெசவு, மண்பாண்டம் பற்றிய இதழ் இருந்தால் அட்டையோடு வையுங்கள். கிழிசலுக்குச் செலோடேப் ஒட்டாதீர்கள். அந்தப் பசை தாளையே கறையாக்கும். ஆண்டு, மாதம், யாரிடமிருந்து வந்தது என்று தனிச் சீட்டில் குறியுங்கள். பைண்டு செய்வதற்கு முன்பே ஸ்கேன் எடுத்துவிடுங்கள். நம் சங்கத்தில் ஓர் அலமாரியும் ஒரு பதிவேடும் இருந்தால் தொடங்கிவிடலாம்.

நான் கிழித்தவை திரும்பி வரப்போவதில்லை. மிச்சம் இருப்பதையாவது கணக்கில் ஏற்றுவோம்.