வேதாகமப் பெண்கள் (திண்டிவனம் – விழுப்புரம் வட்டாரம்)

வீடு வீடாகச் சென்று பெண்களுக்கு எழுத்தும் வேதமும் ஜெபமும் சொல்லிக்கொடுத்த கிறிஸ்தவப் பெண் ஊழியர்கள். சபையார் பேச்சில் இவர்கள் ‘பைபிள் உமன்’ அல்லது ‘ஊழியக்கார அம்மா’. உபதேசியாரின் மனைவியாக இருந்தால் ‘உபதேசியார் அம்மா’. பழைய தென்னாற்காடு மாவட்டத்துக் கிறிஸ்தவப் பெண்களிடம் விசுவாசம் மூத்தவரிடமிருந்து இளையவருக்கு இறங்கியதில் இவர்களின் பங்கு மிகப் பெரியது. மூத்த பெண்கள் இளைய பெண்களுக்குப் புத்தி சொல்ல வேண்டும் என்ற தீத்து நிருபத்தின் கட்டளையும், தீமோத்தேயுவின் பாட்டி லோவிசாள், தாய் ஐனிக்கேயாள் ஆகியோரின் முன்மாதிரியும் பெண்கள் கூட்டங்களில் இன்றும் பேசப்படுபவை.

இந்த வேலை ஒரு பதவியாக உருப்பெற்றது லண்டனில். 1857இல் எலன் ரான்யார்ட் தொடங்கிய அமைப்பு, செவன் டயல்ஸ் பகுதியின் ஏழைக் குடும்பங்களுக்கு வேதாகமத்தைக் கொண்டுசெல்ல, அதே ஏழைத் தெருக்களில் வாழ்ந்த பெண்களையே அமர்த்தியது. தமிழகத்தில் இதன் வேர் இன்னும் பழையது. தஞ்சாவூரிலிருந்து பாளையங்கோட்டைக்கு வந்த மராத்திப் பிராமணக் கைம்பெண் குளோரிந்தா, 1778இல் சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்று அங்கே ஒரு சபையைத் திரட்டினார். 1785இல் அவர் முயற்சியால் ஆலயமும் எழுந்தது. கத்தோலிக்கர் தரப்பில், 1844ஆம் ஆண்டுப் புதுச்சேரி ஆயர் மன்றத்தின் தொடர்ச்சியாக, பெண்கல்விக்கென லூயி சவினியேன் துய்புயி அடிகளார் இந்நாட்டுப் பெண்களைக் கொண்டே அமலோற்பவ இருதய மரியன்னையின் பெயரில் ஒரு துறவற சபையை நிறுவினார். திருமுழுக்கின்போது குழந்தைக்கு நிற்கும் ஞானத்தாய் உறவும் கத்தோலிக்கக் குடும்பங்களில் வலுவானது. சம்மந்தி உறவைப்போலவே அதற்கும் நல்லது கெட்டதில் தனி இடம் உண்டு.

திண்டிவனத்தில் ஊழியம் செய்தது, ஸ்கடர் சகோதரர்கள் 1853இல் அமைத்த அமெரிக்க ஆற்காடு மிஷன். அந்த மிஷனை அனுப்பிய திருச்சபையின் பெண்கள் அமெரிக்காவில் 1875இல் தனி வாரியம் அமைத்து, இங்குள்ள பெண் ஊழியத்துக்குப் பணம் திரட்டி அனுப்பினார்கள். 1890களின் தொடக்கத்தில், தாய் சோபியாவின் உடல்நலம் குன்றியதால் உதவிக்கு வந்திருந்த இடா ஸ்கடர் இந்த ஊரில்தான் அந்த இரவைச் சந்தித்தார். பிரசவத்தில் தவித்த மனைவியருக்காக மூன்று ஆண்கள் அடுத்தடுத்து வந்து அவரை அழைத்தார்கள். மருத்துவரான அவருடைய தந்தை வருவதாகச் சொன்னபோது மறுத்துவிட்டார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தார்கள். இடா மருத்துவம் படித்து 1900இல் திரும்பியதும், 1918இல் வேலூரில் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி தொடங்கியதும் பலரும் அறிந்தவை. அவருடன் வந்த தோழி ஆனி ஹான்காக், வேலூர் வீடுகளில் பெண்களைச் சந்திக்கும் ஊழியத்தை ஏற்றுக்கொண்டார் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஆண் வைத்தியர் நுழைய முடியாத வீட்டுக்குள்ளும் ஊழியக்கார அம்மா போய்வர முடியும். வேதாகமப் பெண்களின் முக்கியத்துவம் அங்கேதான் இருக்கிறது.

இவர்களில் கைம்பெண்களும் உபதேசியார் மனைவியரும் கணிசமானவர்கள். பையில் ஒரு வேதாகமம், ஒரு கீர்த்தனைப் புத்தகம். மதியச் சமையல் முடிந்து பெண்கள் சற்று ஓய்ந்திருக்கும் நேரம் பார்த்துப் போவார்கள். முதலில் ஒரு பாட்டு, பிறகு ஒரு கதை, அதன்பின் எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழக்குவது. சொந்தச் சபைக்குள் வேலை இன்னும் நெருக்கமானது: ஞானஸ்நானத்துக்கும் திடப்படுத்தலுக்கும் பெண்களை ஆயத்தப்படுத்துவது, புதுப் பெண்ணுக்குக் குடும்ப ஜெபம் நடத்தக் கற்றுக்கொடுப்பது, பிள்ளை பெற்றவளைப் போய்ப் பார்ப்பது, லெந்து நாட்களில் வீட்டு ஜெபம் நடத்துவது. இதற்கான ஆதாரமும் அடுப்படியிலிருந்தே வந்தது. உலையில் போடும் முன் ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் எடுத்துவைத்து, சேர்ந்ததை ஆலயத்தில் படைக்கும் ‘பிடி அரிசிக் காணிக்கை’ தமிழ்ச் சபைப் பெண்களின் நெடுநாள் வழக்கம். கையில் காசு புழங்காத கூலிக்காரப் பெண்ணும் ஊழியத்தில் பங்காளியானது இதனால்தான்.

திருக்கோவிலூர்ப் பக்கம் டேனிஷ் மிஷன் இருந்தது. அங்கே பணியாற்றிய எஸ்தர் ஃபேரிங், தம்மைவிடப் பதினொரு வயது மூத்த ஆன் மரீ பீட்டர்சனோடு 1917 ஜனவரியில் அகமதாபாத்தில் இருந்த காந்தியின் ஆசிரமத்துக்குச் சென்றார். அந்தப் பயணம் இருவர் வாழ்க்கையையும் திருப்பிவிட்டது. காந்தியோடு உறவு வேண்டாம் என்று மிஷன் நெருக்கியபோது இருவருமே மிஷனை விட்டு விலகினார்கள். பரங்கிப்பேட்டையில் பீட்டர்சன் நிறுவிய பெண்கள் பள்ளியான சேவாமந்திருக்கு 1921 செப்டம்பரில் காந்தியே அடிக்கல் நாட்டினார். எஸ்தருக்குக் காந்தி எழுதிய கடிதங்கள் 1956இல் நூலாயின. மூத்தவள் துணைநின்றால் இளையவள் எவ்வளவு துணிவாள் என்பதற்கு இந்த வட்டாரத்தில் இதைவிடத் தெளிவான சான்று இல்லை.

வெள்ளைக்காரப் பெண்மணிகளுக்குக் கிடைத்த இந்தப் பதிவு தமிழ்ப் பெண்களுக்குக் கிடைக்கவில்லை. டோனாவூர் பொன்னம்மாளுக்கு ஏமி கார்மைக்கேல் தனி வரலாறே எழுதியது (1918) அரிய விதிவிலக்கு. மற்றவர்களின் பெயர்கள் பேத்திகளின் நினைவோடு போய்க்கொண்டிருக்கின்றன. சபை நூற்றாண்டு மலர்களில் போதகர் வரிசைக்குப் படத்தோடு பக்கங்கள் ஒதுக்குகிறவர்கள் இந்தப் பெயர்களையும் கேட்டு எழுதிவைக்க வேண்டும்; கேட்டுச் சொல்ல ஆள் இருக்கும்போதே.

1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபின், ஊழியக்கார அம்மாவின் வேலையில் பெரும்பகுதி பெண்கள் ஐக்கியத்துக்குப் போனது. 1976இல் எலிசபெத் பால் அத்திருச்சபையின் முதல் பெண் குருவாக அபிஷேகம் பெற்றபோது, பெண்கள் பலிபீடத்தண்டையில் நின்று நற்கருணை வழங்கவும் வழி பிறந்தது. கத்தோலிக்கரின் தமிழ்நாடு விவிலிய, மறைக்கல்வி, திருவழிபாட்டு நடுநிலையம் திண்டிவனத்தில்தான் இருக்கிறது. 1995இல் வந்த பொதுமொழிபெயர்ப்பான திருவிவிலியத்தின் வெளியீட்டில் அதற்கும் பங்குண்டு. மார்ச் முதல் வெள்ளியன்று வரும் உலக ஜெப நாளில் பல சபைப் பெண்களும் ஒன்றுகூடுகிறார்கள். அன்று ஆராதனையை முன்னின்று நடத்துபவர்கள் பெண்களே.