பாலாற்று நெல்லுக்கு யார் பிணை?

காவேரிப்பாக்கம் ஏரி தமிழ்நாட்டின் பெரிய ஏரிகளில் ஒன்று. வாலாஜாபேட்டைக்கு அருகே பாலாற்றின் குறுக்கே 19-ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட அணைக்கட்டிலிருந்து கால்வாய் வழியாக வெள்ளநீர் இதற்கு வந்து சேர்கிறது. அந்த நீரில் விளையும் நெல்லுக்குப் பழைய பெயர் உண்டு. புதிய சந்தேகமும் உண்டு. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை என்று தோல் பதனிடும் ஊர்களைத் தொட்டுக்கொண்டு வரும் ஆறு அது. மழைநாளில் கழிவைத் திறந்துவிடுகிறார்கள் என்பது கரையோர மக்களின் நெடுநாள் புகார். சோறு உண்பவருக்கு இந்தச் சந்தேகம் தீர வேண்டுமானால் 'நம்ம ஊர் விளைச்சல்' என்ற விளம்பரப் பலகை போதாது. ஊர்வாரியாக அளக்க வேண்டும், அளந்ததை மறைக்காமல் சொல்ல வேண்டும். இதில் விசித்திரம், வேலூர் வட்டாரத்தில் அளக்கும் வேலை ஏற்கெனவே ஒருமுறை நடந்திருக்கிறது என்பதுதான்.

ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் ஊறிய காலத்திலும் தோல் தொழில் நாறத்தான் செய்தது. ஆனால் பிற்காலத்து அளவுக்கு நிலத்தைக் கெடுக்கவில்லை. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் சென்னையில் குரோம் பதனீட்டைச் சோதித்துக் காட்டினார். இங்கே அது பரவலானது 1970-களில், அரைகுறையாகப் பதனிட்ட தோலின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி முழுமையாக்கிய தோலை அரசு ஊக்குவித்த பிறகு. அந்நியச் செலாவணி வந்தது. கூடவே, தோல் அழுகாதிருக்கப் போட்ட உப்பும் குரோமியமும் கிணற்றுக்கு வந்தன. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், தோல் பட்டறைப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனதாகச் சொன்ன வேளாண் பல்கலைக்கழக ஆய்வை எடுத்துக்காட்டியது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற விதி இந்தியச் சட்டத்தில் உறுதிப்பட்டது அந்தத் தீர்ப்பில்தான். அதன்படி அமைந்த ஆணையம் 2001-இல் பாதிப்பைக் கணக்கிட்டு இழப்பீடு விதித்தது. எந்த ஊர், எவருடைய நிலம் என்ற கேள்விக்கு அப்போதே ஒரு விடை எழுதப்பட்டது. ஆனால் அந்தக் கணக்கு விவசாயியின் நட்டத்துக்காகப் போட்டது. உண்பவரை யாரும் நினைக்கவில்லை.

இப்போது சந்தையில் கிடைக்கும் முத்திரைகளும் இந்த இடைவெளியை நிரப்புவதில்லை. இலவம்பாடி முள் கத்தரிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, மகிழத்தக்கதே. அது காய் எந்த மண்ணில் விளைந்தது என்பதற்குச் சான்று, அந்த மண்ணில் என்ன இருக்கிறது என்பதற்கு அல்ல. நம்பகத்தை ஊரே சோதித்துச் சொல்லும் வழக்கம் இந்த நிலத்துக்குப் புதிதும் அல்ல. அண்டையிலுள்ள உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலத்துச் சபை ஏரி வாரியத்தோடு, பொன்னைச் சோதிக்கப் பொன் வாரியத்தையும் வைத்திருந்தது.

அளந்து வெளியிட்டால் விவசாயிக்குத்தானே விலை விழும் என்பார்கள். நியாயமான அச்சம், குற்றம் செய்யாதவர் தண்டனை பெறக் கூடாது. ஆனால் வெளியிடாததால் அவர் தப்பிவிட்டாரா? எந்த ஊர் என்று தெரியாதபோது ஏரிப் பாசன நெல்லும் கெட்ட கிணற்று நெல்லும் ஒரே சந்தேகத்தின் கீழ் வருகின்றன. சோதனையின் முடிவு பல இடங்களில் விவசாயிக்குச் சாதகமாகவே இருக்கக்கூடும். பயிர் எடுத்துக்கொள்ளும் குரோமியத்தில் பெரும்பகுதி வேரிலேயே தங்கிவிடுகிறது, தானியத்துக்கு ஏறுவது குறைவு. இதை ஊகமாக விட்டுவைப்பதில்தான் நட்டம்.

ஜப்பானின் ஃபுகுஷிமா இதற்குச் சாட்சி. 2011 அணு உலை விபத்துக்குப் பின், 2012 அறுவடையிலிருந்து அந்த மாவட்டத்து அரிசியை மூட்டை மூட்டையாகச் சோதித்தார்கள், ஆண்டுக்குச் சுமார் ஒரு கோடி மூட்டை. 2015 அறுவடை முதல் வரம்பை மீறிய மூட்டை ஒன்றுகூட இல்லை என்று ஆன பிறகே, 2020-இல் பெரும்பாலான பகுதிகளில் மாதிரிச் சோதனைக்கு மாறினார்கள். கதிர்வீச்சைப் போல் குரோமியத்தை மூட்டைக்கு வெளியிலிருந்து அளக்க முடியாது, ஆய்வகம் வேண்டும், செலவாகும் என்ற மறுப்பு சரியே. ஆனால் குரோமியம் ஏறிய மண் ஒரு பருவத்தில் மாறிவிடுவதில்லை. ஏரி ஆயக்கட்டுக்கு ஒன்று, கிணற்றுத் தொகுதிக்கு ஒன்று என்று பருவந்தோறும் மாதிரி எடுத்தாலே போதும்.

செலவு யாருடையது என்பதில் குழப்பமே இல்லை. 1996-லேயே முடிவான விஷயம். 2025 ஜனவரி 30-இல் உச்ச நீதிமன்றம் அதே வழக்கின் தொடர்ச்சியில் இழப்பீட்டை அரசு வழங்கி அதை மாசுபடுத்தியவர்களிடம் வசூலிக்கவும், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைக்கவும் உத்தரவிட்டிருக்கிறது. ஆற்றையும் மண்ணையும் கண்காணிக்கிறவர்கள் நெல்லையும் கீரையையும் சேர்த்துச் சோதித்து, முடிவை ஊராட்சி அலுவலகச் சுவரிலும் உழவர் சந்தையிலும் ஒட்டட்டும். காவேரிப்பாக்கம் ஆயக்கட்டிலிருந்தே அதைத் தொடங்கலாம்.