கஸ்தூர்பா நிதியும் காந்திகிராமத்துச் சேவிகைகளும்

1944 பிப்ரவரி 22-ஆம் தேதி புனாவின் ஆகாகான் மாளிகைக் காவலில் அன்னை கஸ்தூர்பா உயிர் நீத்தபின், அவர் ஞாபகார்த்தமாகத் திரட்டப்பட்ட நிதி கிராமத்து ஸ்திரீகளுக்கும் குழந்தைகளுக்குமே செலவாக வேண்டும் என்று காந்தியடிகள் நிபந்தனை விதித்தார். அடிகளின் பிராயத்தை ஒட்டி 75 லட்ச ரூபாய் என்று குறித்த இலக்கு ஒரு கோடியையும் தாண்டிற்று. பணம் சேர்ந்துவிட்டது, ஊரோடு ஊராய்த் தங்கி ஊழியம் புரியும் பெண்களை எங்கே தேடுவது?

தென்னாட்டில் அந்தப் பொறுப்பு டாக்டர் சௌந்தரத்தை வந்தடைந்தது. செல்வந்தரான டி.வி. சுந்தரம் ஐயங்காரின் புதல்வியாகப் பிறந்தும், இளமையிலேயே கணவரை இழந்த அவர், விதவைக்குப் பின்கட்டே உலகம் என்றிருந்த அந்நாளைய ஆசாரத்துக்கு அடங்காமல், டில்லி லேடி ஹார்டிங் கல்லூரியில் வைத்தியம் பயின்று 1936-இல் பட்டம் பெற்று, 1940-இல் ஜாதி வரம்பைக் கடந்து ஜி. இராமச்சந்திரனை மறுமணம் புரிந்துகொண்டவர். 1947 அக்டோபரில் இத்தம்பதிகள் நெசவாளர் ஊரான சின்னாளப்பட்டிக்கு அருகே காந்திகிராமத்தை நிறுவினார்கள். இரண்டே படுக்கைகளுடன் ஆரம்பித்த வைத்தியசாலைதான் கஸ்தூர்பா மருத்துவமனையாக வளர்ந்தது.

கிராம சேவிகைகளை அங்கே பழக்கிய இம்முயற்சி பிரசவத்தில் தொடங்கியதே அதன் பெரிய விவேகம் என்பேன். பிள்ளை பெறுபவளைத் தீட்டென்று ஒதுக்கி, காற்றுப் புகாத மூலையில் கந்தல் துணிமேல் கிடத்தி, கைக்கு அகப்பட்ட அரிவாளால் தொப்புள்கொடியை அறுத்து, ஜன்னி கண்டால் விதியென்று அழுது தீர்த்த வீடுகளுக்குள், நகம் களைந்து, முழங்கை வரை சோப்பிட்டுக் கழுவி, கத்தரியையும் கட்டுநூலையும் கொதிநீரில் இட்டெடுத்த பிறகே தாயைத் தொடும் பெண் ஒருத்தி நுழைந்தாள் என்றால், அது எத்தகைய மாறுதல்! பிரசவம் பார்க்கவும் பாலவாடி நடத்தவும் நூற்கவும் பழகிய கிராம சேவிகைக்கு ஊரில் உண்டான மதிப்பு எந்தச் சட்டமும் தந்ததன்று. தாயும் சேயும் பிழைத்த வீட்டில், பெண் குழந்தையைப் பள்ளிக்கு அனுப்புங்கள் என்று அவள் சொன்னால், மாமியாரும் மறுத்துப் பேசத் தயங்குவாள்.

சௌந்தரம் 1952-இல் சென்னைச் சட்டசபைக்கும், 1962-இல் திண்டுக்கல்லிலிருந்து லோக்சபைக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டு, மத்திய கல்வித் துணையமைச்சராகவும் பணியாற்றினார். அவர் சரித்திரம் எழுதப்பட்டுவிட்டது. இருட்டில் அரிக்கன் விளக்குடன் வரப்பேறி நடந்த சேவிகைகளின் சரித்திரத்தையும், அவர்கள் பிரசவம் பார்த்த வீட்டு மூதாட்டிகளிடம் கேட்டு, எவரேனும் எழுதிவைக்க வேண்டும்.