வியாபாரத்திற்கு அஞ்சல் அட்டை: அச்சடிக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

சிரம்பான்: பலகாரம், தையல், மாலை கட்டுதல், விருந்துச் சமையல் என வீட்டிலிருந்தே தொழில் செய்யும் நம்மவர்கள் நெகிரி செம்பிலான் தோட்டங்களிலும் தாமான்களிலும் பலர் உள்ளனர். வாட்சப்பில் அனுப்பும் விளம்பரம் அன்று மாலைக்குள் மற்ற செய்திகளுக்கு அடியில் போய்விடும். குளிர்பெட்டியில் ஒட்டிவைத்த அட்டையோ தீபாவளி வரை கண்ணில் படும். ஆனால், அச்சடித்த பிறகு பிழையைத் திருத்த முடியாது. சிறு வியாபாரிக்குப் போன பணம் போனதுதான்.

உலகின் முதல் அஞ்சல் அட்டை 1869 அக்டோபர் 1ஆம் தேதி ஆஸ்திரியா-ஹங்கேரியில் வெளிவந்தது. இந்தியாவில் 1879 ஜூலை 1ஆம் தேதி கால் அணா விலையில் அறிமுகமானது. செலவு குறைவு, உறையைப் பிரிக்க வேண்டியதில்லை என்பதே அன்றும் இன்றும் அதன் பலம்.

ஒரு அட்டை, ஒரு செய்தி

கையில் எடுத்தவர் சில நொடிகளில் புரிந்துகொள்ள வேண்டும். என்ன விற்கிறீர்கள், விலை என்ன, எந்தத் தேதிக்குள் சொல்ல வேண்டும், எந்த எண்ணுக்கு அழைக்க வேண்டும் ஆகிய நான்கும் போதும். பத்துப் பலகாரங்களின் படத்தை நெருக்கி வைப்பதைவிட ஒரு தட்டு முறுக்கின் தெளிவான படம் நல்லது. ‘குறைந்த விலை’ என்று எழுதாமல் விலையையே ரிங்கிட்டில் போடுங்கள். பட்டணத்தில் கொடுப்பதாக இருந்தால் மலாயிலும் ஒரு வரி சேர்க்கலாம்.

அளவும் தாளும்

வழக்கமான அளவு ஏ6, அதாவது 105 × 148 மில்லிமீட்டர். வெட்டும்போது ஓரத்தில் வெள்ளைக் கோடு விழாமலிருக்க நான்கு பக்கமும் 3 மில்லிமீட்டர் கூட்டி, 111 × 154 அளவில் கோப்பு தயாரிக்க வேண்டும். எழுத்துகள் வெட்டுக் கோட்டிலிருந்து 5 மில்லிமீட்டராவது உள்ளே இருக்கட்டும்.

படம் 300 டிபிஐ தரத்தில் இருக்க வேண்டும். ஏ6 அட்டை முழுவதற்கும் ஒரே படம் என்றால் குறைந்தது 1240 × 1748 புள்ளிகள் தேவை. வாட்சப்பில் படமாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும். ஆவணமாக அனுப்புங்கள். திரையில் பளிச்சென்று தெரியும் நிறம் தாளில் சற்று மங்கும் என்பதால் மாதிரி அச்சு கேட்டுப் பாருங்கள்.

250 முதல் 300 ஜிஎஸ்எம் வரையிலான ஆர்ட் கார்டு போதும். பளபளப்புப் பூச்சு முன்பக்கம் மட்டும் இருக்கட்டும். பின்பக்கமும் பூசினால் பேனா எழுதாது. சில நூறு அட்டைகளுக்கு டிஜிட்டல் அச்சு மலிவு. ஆயிரக்கணக்கில் என்றால் ஆஃப்செட் கட்டுப்படியாகும்.

தமிழ் எழுத்தில் கவனம்

பல அச்சகங்களில் வடிவமைப்பாளருக்குத் தமிழ் தெரியாது. யூனிகோடு எழுத்தை வடிவமைப்பு மென்பொருளில் ஒட்டும்போது, தெற்காசிய மொழிகளுக்கான அமைப்பு முடுக்கப்படாவிட்டால் கொம்பும் காலும் இடம் மாறிவிடும். ‘கொழுக்கட்டை’ படிக்க முடியாத ஒன்றாகிவிடும். நம் நாட்டு முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் போன்ற மென்பொருளில் நீங்களே தட்டச்சு செய்து, எழுத்துருவைப் பதித்த பிடிஎஃப் கோப்பாகக் கொடுப்பது பாதுகாப்பு. மாதிரி அச்சை எழுத்து எழுத்தாக நீங்களே படித்த பிறகே ஒப்புதல் கொடுங்கள். தொலைபேசி எண்ணை ஒரு முறை அழைத்தே பாருங்கள்.

வயதானவர்களும் படிக்க 12 புள்ளி எழுத்து வேண்டும். 9 புள்ளிக்குக் கீழே போனால் ண, ணை போன்ற எழுத்துகளின் சுழிகள் மையில் அடைத்துக்கொள்ளும். கியூஆர் குறி 2 சென்டிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும்.

முகவரியும் விநியோகமும்

பின்பக்கத்தின் இடப்பாதி செய்திக்கு, வலப்பாதி முகவரிக்கு. வலது மேல்மூலை அஞ்சல்தலைக்கு. ஐந்து இலக்க அஞ்சல் குறியீடு தவறக் கூடாது: ரந்தாவ் 71200, நீலாய் 71800, லாபு 71900, பகாவ் 72100, தம்பின் 73000.

தோட்டத்து லயங்களில் வீட்டு வாசல்வரை அஞ்சல் வராமல் அலுவலகத்திலேயே தங்கிவிடுவதுண்டு. அங்கே நேரில் கொடுப்பதே நல்லது. முதலில் தோட்ட நிர்வாகத்திடம் அனுமதி கேளுங்கள். கோயில் திருவிழா, மளிகைக் கடை, தமிழ்ப்பள்ளி நிகழ்ச்சி ஆகியவையும் ஏற்ற இடங்கள்தாம், பொறுப்பாளரின் சம்மதத்தோடு. தீபாவளி விற்பனைக்கு நான்கைந்து வாரம் முன்பே அட்டை கைக்குப் போய்ச் சேர வேண்டும்.

சட்டம் சொல்வது

ஹலால் சான்றிதழ் இல்லாதவர் அதன் சின்னத்தை அட்டையில் போடக் கூடாது. எண்ணெய், மூலிகை விற்பவர்கள் ‘நீரிழிவைக் குணப்படுத்தும்’, ‘புற்றுநோய் தீரும்’ என்று எழுதினால் 1956ஆம் ஆண்டு மருந்து விளம்பர, விற்பனைச் சட்டத்தில் சிக்கலாம். கோயில் உறுப்பினர் பட்டியலை வாங்கி அட்டை அனுப்புவதும் தவறு. 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, விளம்பரம் அனுப்ப வேண்டாம் என்று ஒருவர் எழுதிக் கேட்டால் நிறுத்தியாக வேண்டும். எஸ்எஸ்எம் பதிவு எண்ணைப் போட்டால் வாங்குபவருக்கு நம்பிக்கை வரும்.

கணக்குப் பாருங்கள்

500 அட்டைக்கு எல்லாம் சேர்த்து 400 ரிங்கிட் செலவு, ஒரு ஆர்டரில் 20 ரிங்கிட் லாபம் என்று வைத்துக்கொள்வோம். முதலை எடுக்கவே 20 ஆர்டர் வேண்டும். அதாவது 100 அட்டைக்கு 4 பேர். இது கிடைக்குமா என்று தெரிய, முதலில் 100 அட்டை மட்டும் அச்சடியுங்கள். லாபுவுக்குப் போகும் அட்டையில் ‘ல’, பகாவ் அட்டையில் ‘ப’ என்று ஓரத்தில் குறியிட்டு, அதைச் சொல்பவருக்குச் சிறு கழிவு கொடுங்கள். எந்த ஊரிலிருந்து ஆர்டர் வந்தது என்பது தெரிந்துவிடும். மீதி 400 அட்டையை அந்த ஊருக்கே அனுப்பலாம்.